சட்டைப் பைக்குள் போன ராணி

என்னுடைய கறுப்பு ராணியை மச்சான் இரண்டு விரலால் தூக்கி, தூசு தட்டுவதுபோல் ஒரு தடவை ஊதி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெட்டிய காய்களைப் பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக வைப்பதுதான் உலக வழக்கம். சிப்பாய், குதிரை, கோட்டை எல்லாவற்றையும் மச்சானும் அப்படித்தான் வைப்பார். ராணிக்கு மட்டும் சட்டைப் பை. மூக்குக்கண்ணாடிக் கூடு, நீலப் பேனா, என் ராணி மூன்றும் அங்கே ஒன்றாகக் குடியிருக்கும். ஒருமுறை மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டையோடு சேர்த்துத் தோய்த்தும் விட்டார். அதற்குப் பிறகு என் ராணியில் சவர்க்கார வாசம்.

"ஏறிட்டா," என்றார் மச்சான். "இனி நீ ராஜாவக் கூட்டிக்கொண்டு எங்க வேணுமெண்டாலும் போ."

விறாந்தைக்கு இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி பரமேஸ் பலகையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் எந்தக் காய் எத்தனை மணிக்குக் காணாமல் போகும் என்பது தெரியும்.

"போன கிழமையும் இந்த நேரந்தானே அண்ணன் அவ ஏறினவ?"

"நேரம் மட்டுமில்ல புள்ள, இடமும் அதே இடந்தான். உன்ட மனிசன் அதில ஒரு பஸ் ஹோல்ட்டே கட்டி வைச்சிரிக்கான்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பிறகு, கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்லும் குரலில், "விசா வந்திட்டு," என்றார்.

தர்மலிங்கம் மச்சான் பரமேஸின் மூத்த அண்ணன். புளியந்தீவில் ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அந்த வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அவர் மனைவி தவறி மூன்று வருடம். ஒரே மகள் சுதா கனடாவில். தகப்பன் தனியாக இருக்கக் கூடாது, தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அவள் அழுது அழுது, மச்சான் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருந்தார். படிவம் என்று ஒன்று முன்னால் வந்தால் அதை நிரப்பாமல் விட அவரால் முடியாது. அது அவருடைய தொழில் வியாதி.

"போகத்தான் வேணுமா மச்சான்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "அங்க சரியான குளிராமே?"

"அதுக்கு உள்ளால போடுற உடுப்பு அனுப்பியிரிக்காள். நேத்துப் போட்டுப் பாத்தன். மட்டக்களப்பு வெயிலுக்கு நல்ல எடுப்பா இரிக்கி."

நான் சிரித்தேன். பரமேஸ் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மச்சான் சமாளித்தார்.

"சரி புள்ள, அப்பிடி நிக்காத. நான் பிளேன் ஏற முதல் உன்ட மனிசன் என்ன ஒரேயொரு தரம் வெண்டான் எண்டா நான் போகல்ல. கடதாசியெல்லாம் கிழிச்சுப் போடுறன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினொரு வருடத்தில் நான் வென்ற ஆட்டங்களின் தொகையை வைத்துப் பார்த்தால், சிரிக்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

பரமேஸ் சிரிக்கவில்லை. "அண்ணன், விளக்கு எரியக்குள்ள சொல்லிரிக்கீங்க."

ஞாயிறு காலைப் பூசை முடித்த பிறகுதான் நாங்கள் பலகை விரிப்பது. சாமிப் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் விளக்கு எரியும்போது சொன்ன சொல்லை யாரும் திருப்பி எடுப்பதில்லை. சின்ன வயதில் மச்சான்தான் அந்தச் சட்டத்தைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

மச்சான் திரும்பி விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி வந்துவிட்டது.

"சொன்னது சொன்னதுதான்," என்றார். "இவன்தானே."

கால் முறிந்த புண்ணியம்

நான் சதுரங்கம் படித்தது கோயில் தோரணத்தால். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன் நான். ஓட்டோ ஓடுகிறவனுக்கு இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று, பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் ஓட்டோ ஸ்ராண்டில் வைத்துக் கேட்டார். அவருக்கான விளக்கம் இது.

திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஏணியில் ஏறினேன். கீழே நின்று ஏணியைப் பிடித்தவர் சுவாமி வெளியே வருகிறார் என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பக்தியில் குறை சொல்ல முடியாது. கால் முறிந்தது எனக்கு.

மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். கிடந்தவன் சும்மா கிடக்கவில்லை. சோற்றில் உப்பு, வேலியில் ஓட்டை, வானொலியில் செய்தி எல்லாவற்றிலும் பிழை பிடித்தேன். பரமேஸ் வேலிப் பொட்டால் போய்த் தன் அண்ணனிடம் முறையிட்டாள். மச்சான் ஒரு பலகையோடு வந்தார்.

"இதில ஒரு நல்லது இரிக்கி," என்றார். "விளையாடக்குள்ள கதைக்கப்படாது."

அந்தச் சட்டம் எனக்கு மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் முழு நேரமும் கதைப்பார். மூத்தவருக்குத்தான் வெள்ளைக் காய் என்பது அவருடைய இரண்டாவது சட்டம். நான் எந்தக் காலத்தில் அவருக்கு மூத்தவனாவது? ஆகவே பதினொரு வருடமும் எனக்குக் கறுப்பு.

பயத்துக்கு ஒரு பெயர்

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். மச்சான் தன் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். நான் என்னுடையதை ஒரு கட்டம் மட்டும் தள்ளுவேன்.

ஒரு நாள் என் ஓட்டோவில் வழக்கமாகப் பள்ளிக்கூடம் போகும் செல்வி ரீச்சரிடம் இதைச் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குகிறவர் அவர்.

"அண்ணன், அதுக்குப் பேர் பிரெஞ்சுத் தடுப்பு. பெரிய பெரிய ஆக்களெல்லாம் விளையாடுற தொடக்கம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு காலமும் அதைப் பயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த வளைவில் ரீச்சர் அந்தப் பெருமையை இறக்கி வைத்தார். இந்தத் தொடக்கத்தில் கறுப்புக்கு ஒரு கேடு உண்டு. ராணிப் பக்கத்தில் நிற்கும் மந்திரி தன்னுடைய சிப்பாய்களாலேயே அடைபட்டுப் போகும். எதிரி அடைப்பதில்லை, சொந்தக்காரரே அடைப்பது. அதை 'கெட்ட மந்திரி' என்பார்களாம். மூலையில் நின்று கடைசி வரைக்கும் ஒரு வேலையும் செய்யாது.

மனைவி வீட்டில் வந்து குடியிருக்கும் மாப்பிள்ளைமார் நிறைந்த ஊர் இது. அந்த மந்திரியின் நிலை எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மச்சான் மூண்டாவதா என்ன செய்வார்?" என்று கேட்டார் ரீச்சர்.

"முன்னுக்குத் தள்ளின சிப்பாய இன்னும் ஒரு கட்டம் தள்ளி என்ட வாசலுக்குள்ள கொண்டுவந்து வைப்பார்."

"அது முன்னேற்ற வகை. அதுக்கு எப்பிடி விளையாடுற எண்டு ஃபோன்ல நிறைய இரிக்கி, பாருங்க."

பதிகம் போல் பாடம்

பார்த்தேன். ஒருவர் தமிழில்தான் சொன்னார். ஆனால் அவர் ஒரு நகர்த்தலைச் சொல்லி முடிக்கும்போது நான் அதற்கு முந்தின நகர்த்தலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே முறைக்கு வந்தேன். கோயிலில் தேவாரம் பாடமாக்கியது எப்படியோ அப்படி.

பூசைக் கொப்பியின் பின்பக்கத்தில் நகர்த்தல்களை ஒவ்வொரு வரியாக எழுதினேன். குளித்து, திருநீறு பூசி, கிழக்குப் பார்த்து இருந்து மனனம் செய்தேன். இராகம் போட்டால் நன்றாக நிற்கும் என்று இராகமும் போட்டேன். 'மந்திரிமுன் சிப்பாய் இரண்டு கட்டம், குதிரை வெளியே, ராணி வெளியே' என்று ஓட்டோ ஓடும்போதும் வாய் பாடிக்கொண்டே இருக்கும்.

"என்ன பதிகம் அண்ணன் இது?" என்று ரீச்சர் பின்னாலிருந்து கேட்டார். "கேட்ட மாதிரி இல்லையே."

சொன்னேன். அவர் முன்னுக்குச் சாய்ந்தார்.

"நகர்த்தலப் பாடமாக்காதீங்க. என்னத்துக்கு அங்க போகுது எண்டு கேளுங்க."

பாடமாக்கியவனுக்கு அந்தப் புத்தி ஏறுமா? சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டேன். வென்றால் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் வெறுங்காலில் நடந்து வருகிறேன் என்று. அவ்வளவு துணையோடு ஞாயிறு பலகைக்கு முன் இருந்தேன்.

ஐந்து நகர்த்தல் வரைக்கும் பதிகம் பிசகவில்லை. ஆறாவதில் மச்சான் தன் மந்திரியை எடுத்து ராணிக்கு முன்னால் இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். அடுத்த வரி எனக்கு நினைவில் இல்லை. ஆனால் நடுவில் அவருடைய சிப்பாய் ஒன்று காவல் குறைந்து நின்றது. முதலில் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றினேன். பிறகு அங்கே நின்றதைக் குதிரையால் அடித்தேன். அவர் குதிரையால் என் குதிரையை எடுத்தார். நான் ராணியால் அந்தக் குதிரையை எடுத்தேன். ஒரு சிப்பாய் லாபம்.

மச்சானின் மந்திரி ஓரமாகப் பாய்ந்தது. "செக்."

என் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். மந்திரி விலகிய வழியால், பின்னால் நின்ற அவருடைய ராணி என் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டுக்கும் என்னிடம் நகர்த்தல் இல்லை.

இரண்டு விரல். ஒரு ஊதல். சட்டைப் பை.

"பஸ் நேரத்துக்கு வந்திட்டு," என்றார் மச்சான்.

பதினொரு வருடமாக நான் விழுந்த அதே குழி. இந்த முறை இராகத்தோடு விழுந்தேன்.

உள்ளே பரமேஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சுதா கேட்ட கருவாடு, மிளகாய்த்தூள், அண்ணனின் வேட்டி. நான் போய் வாசலில் நின்றேன்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இரிந்திச்சி," என்றாள், நிமிராமல். "இனி ரெண்டு கிழமைதான் இரிக்கி. அந்தப் பெட்டிய ஒருக்கா அமத்துங்க, பூட்டேலாம கிடக்கு."

அமத்தினேன். அந்த நேரம் என்னால் செய்ய முடிந்த உதவி அது ஒன்றுதான்.

முகத்துவாரம்

அந்த மார்கழி மழை விட்டு அடிக்கவில்லை. வாவி நிரம்பி, எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்தது. நான் வாசலில் மண்மூட்டை அடுக்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது மூட்டை, கோபுரம் மாதிரி. அடுக்கி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"முன்வாசல்ல மூட்டை. பின்வளவால வெள்ளம். உன்ட செஸ் மாதிரியேதான்கா இரிக்கி."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளம் கிணற்றடி வரைக்கும் வந்திருந்தது.

இங்கே இருப்பவர்களுக்கு இந்த வெள்ளத்தின் மருந்து தெரியும். கடலும் வாவியும் சந்திக்கும் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும். அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. வயல் வட்டைக்குள் நெல் மூழ்குகிறது, உடனே வெட்டு என்பார்கள் வயல்காரர். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் போய்விடும், பொறு என்பார்கள் தோணிக்காரர். கடைசியில் அன்று வெட்டுவது என்று முடிவானது. மச்சானை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். இனி அவர் இதைக் காணப்போவதில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கரையில் சனம். மண்வெட்டும் இயந்திரம் தயாராக நின்றது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கையெடுத்துக் கும்பிட்டாயிற்று. வெட்டப் போகும் நேரத்தில் ஒரு தோணிக்காரர் கையை உயர்த்தி மறித்தார்.

"பொறுங்க. எல்லாத் தோணியும் கட்டியாச்சா?"

"கட்டியாச்சி."

"அந்தா நிக்கிது?"

தள்ளி, சேற்றுக்குள் ஒரு ஓட்டைத் தோணி. பல வருடமாக யாரும் ஏறாதது. உள்ளே புல் முளைத்திருந்தது.

"அது கிடந்தா என்ன, போனா என்ன?" என்றார் வயல்காரர் ஒருவர்.

"வெட்டினதும் இழுக்கிற இழுவையில அதுதான் முதல்ல வரும். வந்து மத்தத் தோணியெல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போகும். ரெண்டு பேர் வாங்க. கொஞ்சம் தள்ளிக் கட்டினாப் போதும்."

மழைக்குள் எல்லோரும் நின்றோம். மச்சானுக்குப் பொறுமை போனது. "ஒரு ஓட்டைத் தோணிக்காக ஊரே நிக்கிது," என்று பல்லைக் கடித்தார். இரண்டு பேர் இறங்கி அதை ஓர் ஆள் நீளம் தள்ளி, மரத்தோடு கட்டினார்கள். பிறகுதான் வெட்டினார்கள்.

வெட்டியது ஒரு வாய்க்கால் அளவுதான். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் மணல் இடிந்து விழ, வாவி கடலுக்குள் இரைந்துகொண்டு போனது. என் வாசலில் இருந்த வெள்ளத்தை என் வாசலில் வைத்து யாரும் தொடவில்லை. தூரத்தில், அதன் அடியில் போய்த் தொட்டார்கள்.

என் உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. மழை என்று மச்சான் நினைத்து, தன் குடையை என் பக்கம் சரித்தார்.

பலகையில் மச்சானின் இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் படிக்கட்டுப்போல நிற்கும். மேற்படி என் வாசலுக்குள், கீழ்ப்படி தூரத்தில். நான் பதினொரு வருடமும் மேற்படிக்கு மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கொப்பியில் இருந்த முதல் வரி, 'மந்திரிமுன் சிப்பாய் இரண்டு கட்டம்', அது என்னத்துக்கு? கீழ்ப்படியை வெட்டுவதற்கு. குதிரையும் ராணியும் வெளியே வருவது என்னத்துக்கு? அதே கீழ்ப்படியை வெட்டுவதற்கு. மேற்படி தானாக ஆடும்.

ஆனால் வெட்ட முதல் தோணியைக் கட்ட வேண்டும். கட்டாமல் கிடந்தது எது என்று எனக்குத் தெரியும். மூலையில் நிற்கும் கெட்ட மந்திரி. அதை ஒரேயொரு கட்டம் முன்னே எடுத்து ராஜாவின் ஓரத்தில் வைத்தால், மச்சானின் மந்திரி பாய்ந்து வந்து செக் சொல்ல முடியாது. செக் இல்லையென்றால் ராணி பஸ் ஏறவும் தேவையில்லை.

கோயிலில் நாற்பது வருடமாகத் தேவாரம் பாடுகிறேன். ஒரு வரியாவது என்னத்துக்கு அங்கே நிற்கிறது என்று கேட்டேனா என்ற கேள்வியும் அந்த மழைக்குள் வந்தது. அதை முருகனுக்கும் எனக்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன்.

அசையாத மந்திரி

தை பிறந்தது. பயணத்துக்கு முந்தின ஞாயிறு. பெட்டி இரண்டும் மச்சான் வீட்டு விறாந்தையில் பூட்டி நின்றன. விளக்கேற்றி, கும்பிட்டு, பலகை விரித்தோம். பரமேஸ் குசினிக்குள் தேங்காய் துருவினாள். துருவலைச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

ஐந்து நகர்த்தல் வழக்கம்போல. ஆறாவதில் மச்சான் மந்திரியை ராணிக்கு முன்னால் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை ஒரு பக்கம் ஒதுக்கினார். என் ராணிக்கு இடம் ஒழுங்கு செய்கிறார்.

நான் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றினேன். பிறகு குதிரையைத் தொடவில்லை. மூலையில் நின்ற மந்திரியை எடுத்து ஒரு கட்டம் முன்னே வைத்தேன்.

மச்சான் பலகையைப் பார்த்தார். கூட்டைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"இது எங்கயிரிந்து வந்தது?"

"மூலையிலிரிந்துதான் மச்சான். பதினொரு வருசமா அங்கதான் நிண்டது."

இப்போது அவருடைய கீழ்ப்படிச் சிப்பாயை நான் உண்மையாகவே எடுக்கலாம். அவர் நெடுநேரம் யோசித்து, முன்னே வைத்த மந்திரியைத் திரும்பப் பின்னுக்கு இழுத்தார். பதினொரு வருடத்தில் அவர் பின்னுக்குப் போனதை அன்றுதான் கண்டேன். கந்தோரில்கூட அவர் போட்ட கையெழுத்தை அழித்தவர் இல்லை.

குசினியில் துருவலைச் சத்தம் நின்றது.

அதோடு நான் வென்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தொடக்கம் விளங்கியது, மிச்ச ஆட்டம் விளங்கியதென்று யார் சொன்னார்கள்? நடுவில் ஒரு சிப்பாயை வீணாக விட்டேன். ராணிக்கு ராணி மாறியது. அவர் வழக்கம்போல என்னுடையதைச் சட்டைப் பையில் போட்டார். அவருடைய வெள்ளை ராணி என் கையில். அது என் கைக்கு வருவது அதுதான் முதல் தடவை. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேலுக்குச் சட்டையும் இல்லை. சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டேன்.

குதிரைகள் போயின. கோட்டைகள் போயின. கடைசியில் அவருக்கு ஒரு மந்திரி, எனக்கு ஒரு மந்திரி. அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.

"முடிஞ்சிது," என்றார் மச்சான். குரலில் சந்தோசமும் இல்லை, பழைய நக்கலும் இல்லை.

முடியவில்லை. அவருடைய மந்திரி கறுப்புக் கட்டங்களில் மட்டும் ஓடுவது. என்னுடைய கெட்ட மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டும். ஒரே ஒழுங்கைக்குள் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பம் மாதிரி, ஒன்றையொன்று தொடவே தொடாது. அவர் கூடுதலாக வைத்திருந்த சிப்பாய் மேலே போக வேண்டுமென்றால் ஒரு வெள்ளைக் கட்டத்தைத் தாண்ட வேண்டும். அந்தக் கட்டத்தை என் மந்திரி பார்த்துக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் நிற்பதில் அதற்குப் பதினொரு வருட அனுபவம்.

மச்சான் ராஜாவை இந்தப் பக்கம் கொண்டுவந்தார், அந்தப் பக்கம் கொண்டுபோனார். மந்திரியைச் சுற்றி எடுத்தார். நெற்றியில் வியர்த்தது. பரமேஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் தேங்காய்ப்பூ. சோறு வடிக்க வேண்டும் என்பதை மறந்திருந்தாள்.

மச்சான் ஒரு நகர்த்தல் வைத்தார். நான் வைத்தேன். அவர் திரும்ப வைத்தார். பிறகு பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"மூண்டாந்தரம்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒரே நிலை மூண்டு தரம் வந்திட்டு. சட்டப்படி ஆட்டம் சமம்."

நான் எண்ணவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

தீர்ப்பு

பரமேஸ்தான் கேட்டாள்.

"அப்ப, அண்ணன்?"

"என்ன அப்ப?"

"வெண்டா போகல்ல எண்டு சொன்னீங்க."

"வெல்லல்லையே."

"தோக்கவுமில்ல," என்றேன் நான். என் வாய் எனக்கே தெரியாமல் திறந்துவிட்டது. "போகாதீங்க மச்சான்."

விசா வந்த அன்று சொல்லியிருக்க வேண்டியது. ஒரு மாரி முழுக்கப் பிந்தி வந்தது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். விளக்கைப் பார்த்தார். எண்ணெய் இன்னும் இருந்தது. பிறகு கந்தோரில் கோப்பைத் திறக்கும் குரலுக்கு வந்தார்.

"ஒரு கிண்ணத்துக்குப் போட்டி நடக்குது. இறுதி ஆட்டம் சமம். கிண்ணம் ஆருக்கு?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும். கிண்ணம் முதல்ல எங்க இரிந்திச்சோ அங்கயே இரிக்கும். இதுதான் நடைமுறை."

"இதில கிண்ணம் எங்க அண்ணன்?" என்றாள் பரமேஸ்.

"கிண்ணம் நான்தான்கா. எங்க இரிந்தனான்? இஞ்ச." விறாந்தைக் கதிரையின் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப இஞ்சயே இரிக்கிற."

அப்படி ஒரு நடைமுறை உலகத்தில் எங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியாது. ரீச்சரிடமும் கேட்கவில்லை. சில சட்டங்களை ஆராயக் கூடாது.

பரமேஸ் உள்ளே போனாள். சோறு குழைந்துவிட்டிருந்தது. அந்தக் குழைந்த சோற்றை மச்சான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். கருவாட்டுப் பெட்டியை அன்று பின்னேரமே திறந்தோம்.

சுதாவுக்கு அவரே பேசினார். "ஒரு சட்டச் சிக்கல் மகள்," என்று தொடங்கினார். அவள் அழுதது எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. கோடைக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறேன் என்று சமாதானம் சொன்னார். என்னோடு அவள் நெடுநாள் பேசவில்லை. தகப்பனை நான்தான் பிடித்து வைத்துவிட்டேன் என்று. அது உண்மைதான், அவளிடம் அதற்கு நான் மன்னிப்பும் கேட்டேன். அவளுடைய பயமும் பொய்யில்லை. அதனால் இப்போது வேலிப் பொட்டை இரவிலும் அடைப்பதில்லை, மச்சான் வீட்டு விளக்கு அணையும் வரைக்கும் பரமேஸ் படுப்பதுமில்லை.

நேர்த்திக்கடன்தான் சிக்கலானது. வென்றால் நடக்கிறேன் என்று சொன்னேன், சமம் வந்தால் அரைவாசிக்கு நடந்து மிச்சத்துக்கு பஸ் எடுக்கலாமா என்று மச்சானிடம் சட்டம் கேட்டேன். அவர் பதில் சொல்ல முதல் பரமேஸ் சொன்னாள், "சாமியோட கந்தோர்க் கதை கதைக்காதீங்க. நடங்க." சித்தாண்டி வரைக்கும் முழுக்க நடந்தேன். கொப்புளம் ஆற ஒரு கிழமை.

அந்த ஞாயிறு எழும்பும்போது மச்சான் சட்டைப் பையிலிருந்து என் ராணியை எடுத்துப் பலகையில் அதன் கட்டத்தில் வைத்தார். நான் சாரத்து மடிப்பிலிருந்து அவருடையதை எடுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடித்து, உடம்பெல்லாம் திருநீறோடு, பிரெஞ்சுத் தடுப்பின் ஒவ்வொரு அடியும் என்னத்துக்கு என்று தெரிந்த மனிதனாகப் பலகைக்கு முன் இருந்தேன். முகத்துவாரம் மனதில் இருந்தது. தோணி கட்டத் தயார்.

மச்சான் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயைத் தொடவில்லை. ராணிக்கு முன் நிற்பதை எடுத்து இரண்டு கட்டம் தள்ளினார்.

பதினொரு வருடத்தில் அவர் அதை ஒருநாளும் தள்ளியதில்லை. நான் படித்ததெல்லாம் அந்த ஒரு விரலோடு கடலுக்குப் போனது.

"என்ன மச்சான் இது?"

"விளையாடக்குள்ள கதைக்கப்படாது," என்றார்.

சோறு வடிக்க முதல் என் ராணி, கண்ணாடிக் கூட்டுக்கும் நீலப் பேனாவுக்கும் நடுவில், தன் பழைய இடத்துக்குப் போய்விட்டாள்.